கூட்டம் விலகிய மூலைகள்: சந்தியாகப்பர் பேராலயத்தை மறுபடி பார்த்தல்

ஸ்பெயினின் வடமேற்கே, மழைக்குப் பேர்போன கலீசியாவில் இருக்கிறது சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா. இயேசுவின் சீடரும் செபதேயுவின் மகனுமான யாக்கோபு இங்கே அடக்கமாகியிருக்கிறார் என்பது நம்பிக்கை. நம் கடலோரக் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று அழைக்கும் அதே புனிதர்தான். 2024-ல் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் இங்கே யாத்திரைச் சான்றிதழ் பெற்றார்கள். கடைசி 100 கிலோமீட்டரையாவது நடந்து வந்தவருக்கும், 200 கிலோமீட்டரையாவது சைக்கிளில் வந்தவருக்கும் அது கிடைக்கும். 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர்கூட வராத பாதை இது. ஒசெப்ரெய்ரோ மலைக்கிராமத்தின் பங்குக் குருவான எலியாஸ் வலீஞா 1984-ல் வழிநெடுக மஞ்சள் அம்புக்குறி வரைந்த பிறகுதான் மெல்ல உயிர் பெற்றது.

வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் செய்வது நான்கு காரியங்கள். மேற்கே ஒப்ரதோய்ரோ சதுக்கத்தில் நின்று கோபுரங்களை அண்ணாந்து பார்ப்பார்கள். பீடத்தின் பின்படிகளில் ஏறிச் சந்தியாகப்பர் சொரூபத்தைத் தழுவுவார்கள். நிலவறையில் இறங்கி வெள்ளிப் பேழையின் முன்னே நிற்பார்கள். 53 கிலோ எடையுள்ள அந்தப் பெரிய தூபக்கலசம் இன்று ஆடுமா என்று விசாரிப்பார்கள். நான்கும் செய்யத்தக்கவைதான். ஆனால் 13ஆம் நூற்றாண்டுச் சொரூபம் ஒன்றைத் தவிர இவற்றில் இடைக்காலத்தது எதுவும் இல்லை. மேற்கு முகப்பைப் பெர்னாந்தோ தே காசாஸ் நோவோவா 1738 முதல் 1750 வரை எழுப்பினார். சொரூபத்தைச் சூழ்ந்த பீடம் 17ஆம் நூற்றாண்டினது. வெள்ளிப் பேழை 1880களில் செய்யப்பட்டது. பழைய தூபக்கலசத்தை நெப்போலியன் படை 1809-ல் கொள்ளையடித்துப் போய்விட்டதால், இப்போது ஆடுவது 1851-ல் ஹொசே லொசாதா செய்தது.

அப்படியானால் இடைக்கால யாத்ரீகர் கண்ட பேராலயம் எங்கே? இன்று யாரும் நிற்காமல் கடந்துபோகும் மூலைகளில்தான் அது கிடக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கூட்டம் மொய்த்த இடம். கூட்டம் இடம் மாறியதாலோ, கூட்டத்தைத் தடுத்ததாலோதான் அவை மூலைகளாயின. இந்தக் கட்டடத்தின் வரலாற்றை ஆயர்கள், அரசர்கள் வரிசையில் எழுதுவதுதான் வழக்கம். கூட்டத்தின் கைகாலைப் பின்தொடர்ந்து எழுதினால்தான் இது உள்ளபடி விளங்கும் என்பது என் வாதம்.

கட்டட அமைப்பே அதற்குச் சாட்சி. ஆறாம் அல்போன்சோ மன்னர் காலத்தில், ஆயர் தியேகோ பெலாயெஸ் 1075-ல் இந்தப் பணியைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிருந்த கோயிலை 997-ல் கோர்தோபாவின் முஸ்லிம் தளபதி அல்மன்சூரின் படை தரைமட்டமாக்கியிருந்தது. கல்லறையைத் தொடாமல் விட்டார்கள். மணிகளைக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கோர்தோபாவுக்குக் கொண்டுபோனார்கள். 1236-ல் கோர்தோபாவைப் பிடித்த மூன்றாம் பெர்னாந்தோ அவற்றைத் திருப்பியனுப்பினார் என்பது மரபு. புதிய கோயில் வெறும் தொழுகைக் கூடமாகத் திட்டமிடப்படவில்லை, கூட்டம் ஓடிக்கொண்டே இருப்பதற்கான இடமாகத் திட்டமிடப்பட்டது. பக்கச் சிறகில் நுழைந்தவர் பீடத்தின் பின்னால் அரைவட்டமாகச் சுற்றி, சிற்றாலயங்களை ஒவ்வொன்றாக வணங்கி, மறுபக்கம் வெளியேறலாம். நடுவில் நடக்கும் பூசைக்கு இடைஞ்சல் இராது. பிரான்சின் துலூஸ், கோங்க் நகர்க் கோயில்களும் இதே அமைப்பில் எழுந்தவை. மேலே கட்டடம் முழுவதையும் சுற்றி வரும் மாடம் இருக்கிறது. யாத்ரீகர்கள் அங்கே இரவில் தங்கினார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இரவு விழிப்பில் பீடத்தருகே இடம்பிடிக்க வெவ்வேறு நாட்டார் அடித்துக்கொண்டு ரத்தம் சிந்துவதும் நடந்தது. அவ்வாறு தீட்டுப்பட்ட கோயிலைச் சுருக்கமான சடங்கால் தூய்மையாக்கிக்கொள்ள 1207-ல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அனுமதி எழுதியனுப்பினார். கட்டடம் அர்ச்சிக்கப்பட்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1211-ல். அன்று சுவர்களில் பதித்த 12 வட்டக் கற்சிலுவைகள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேற்புறமும் சூரியனும் சந்திரனும். ஆள் உயரத்துக்கு மேலே இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

பழைய யாத்ரீகர் மேற்கு வாசலால் நுழைந்தவர் அல்லர். பிரான்சிலிருந்து வரும் பாதை ஊரின் வடகிழக்கே நுழைந்து நேரே வடக்கு வாசலில்தான் முடியும். 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, கலிஸ்தூஸ் சுவடி என்ற தொகுப்பில் அடங்கிய வழிகாட்டி நூல் அந்த வாசலை விரிவாக வருணிக்கிறது. முன்னால் ஒரு முற்றம். அதில் பதினைந்து பேர் சேர்ந்து குளிக்கலாம் என்று சொல்லத்தக்க பெரிய கல்தொட்டி. நடுவில் வெண்கலத் தூண், தூணுச்சியிலிருந்து நான்கு சிங்கங்களின் வாய்வழியே தண்ணீர். பேராலயப் பொருளாளர் பெர்நார்தோ 1122-ல் அமைத்தது அது. மாதக்கணக்கில் நடந்தவர்களுக்குச் சிற்பம் பார்ப்பதற்கு முன்னால் தாகம் தீர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. முற்றத்தை அடுத்துக் கடைகள்: கிளிஞ்சல், தோல் மதுப்பை, மான்தோல் பை, செருப்பு, இடைவார், மூலிகை, நறுமணச் சரக்கு. கிளிஞ்சல்தான் இந்த யாத்திரையின் அடையாளம். ஊருக்குத் திரும்பியவர் அதைத் தொப்பியிலும் மேலாடையிலும் தைத்துக்கொண்டார்.

1758-ல் நேர்ந்த தீக்குப் பின்னால் அந்த வடக்கு வாசலை இடித்துவிட்டுப் புதிய பாணியில் கட்டினார்கள். இன்று அசபச்சேரியா என்று வழங்கும் முகப்பு அதுதான். இன்றைய யாத்ரீகரும் அதே பாதையில்தான் வருகிறார். ஆனால் இந்த வாசலின் பக்கவாட்டில் இறங்கி, வளைவுக்குக் கீழே புகுந்து, ஒப்ரதோய்ரோவை நோக்கி விரைகிறார். கோபுரங்களோடு படம் எடுத்துக்கொள்ளும் அவசரம். 900 ஆண்டுகளுக்கு முன் அழுகையும் ஆரவாரமும் எழுந்த இடம் வழியில் ஒரு சுவராகிவிட்டது. அந்த ஊற்றினுடையது என்று கருதப்படும் கல்தொட்டி மட்டும் இப்போது உள்முற்றத்தின் நடுவில் நிற்கிறது.

வடக்கு வாசலின் சிற்பங்கள் அழியவில்லை. பலவற்றைத் தெற்கே பிளாத்தேரியாஸ் வாசலில் கொண்டுவந்து, கிடைத்த இடத்தில் பதித்துவிட்டார்கள். கட்டடத்தின் வெளிப்புறத்தில் இடைக்கால முகப்பு என்று மிஞ்சியிருப்பது இது ஒன்றே. பிடில் போன்ற கருவியை வில்லால் மீட்டியபடி கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் தாவீது அரசன், சம்பந்தமில்லாத காட்சிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறான். இந்த ஒழுங்கின்மையே எனக்குப் பிடித்தது. ஒரு கட்டடம் எத்தனை முறை உடைந்து ஒட்டப்பட்டது என்பதை மறைக்காமல் காட்டுகிறது. இடப்பக்க வாசலின் மேல்வளைவில், ஓரத்தில், ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். கூந்தல் அவிழ்ந்திருக்கிறது. மெல்லிய ஆடை உடலோடு ஒட்டிக் கிடக்கிறது. மடியில் ஒரு மண்டையோடு. பிறனோடு கூடிய மனைவி இவள் என்கிறது அந்தப் பழைய வழிகாட்டி நூல். கள்ளக்காதலனின் தலையை வெட்டி அவள் கையில் கொடுத்த கணவன், அழுகும் அந்தத் தலையை நாளுக்கு இருமுறை முத்தமிட வைத்தானாம். ஏவாள் என்பர் ஆய்வாளர் சிலர். மகதலா மரியாள் என்பர் வேறு சிலர். வழிகாட்டி சொன்ன கதை வாசலில் நின்ற கூட்டத்துக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை என்றே தோன்றுகிறது. சிற்பியின் மனத்தில் இருந்தது எதுவாயினும், கூட்டம் கேட்டது இதைத்தான்.

மேற்கே, முகப்புக்கு உள்ளே ஒளிந்திருப்பது சிற்பி மத்தேயோவின் மகிமை வாசல். 1168-ல் இரண்டாம் பெர்னாந்தோ மன்னர் மத்தேயோவுக்கு ஆண்டுக்கு 100 மரவேதி பொன் என்று வாழ்நாள் மானியம் எழுதிக்கொடுத்தார். வாசலின் மேற்கற்கள் 1188 ஏப்ரல் 1 அன்று ஏற்றப்பட்டன. இரண்டு தேதிகளுக்கும் நேரான சான்று உண்டு. நடுவில் தன் காயங்களைக் காட்டும் கிறிஸ்து. மேல்வளைவில் 24 மூப்பர்கள், கையில் இசைக்கருவிகள். பலர் வாசிக்கவில்லை, அண்டை அயலாரோடு பேசியபடி சுருதி கூட்டுகிறார்கள். உச்சியில் இருவர் ஒரே கருவியை மடிமேல் கிடத்தியிருக்கிறார்கள்: ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற, மற்றவர் கட்டைகளை இயக்குகிறார்.

இந்த வாசலுக்குக் கீழே ஒரு சிறு கோயில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நிலம் மேற்கே சரிவதால், மேலுள்ள பாரத்தைத் தாங்க மத்தேயோ கட்டிய நிலவறை அது. சதுக்கத்திலிருந்து ஏறும் படிக்கட்டின் அடியில் அதன் கதவு. உள்ளே கூரையின் முடிச்சுக்கற்களில் தேவதூதர்கள் சூரியனையும் சந்திரனையும் ஏந்தி நிற்கிறார்கள். திருவெளிப்பாட்டு நூல் சொல்லும் விண்ணக எருசலேமுக்குச் சூரியனும் வேண்டாம், சந்திரனும் வேண்டாம். மேலே விண்ணகம் என்றால் கீழே அவ்விரண்டும் தேவைப்படும் இந்த உலகம். சரிவைச் சமாளிக்கக் கட்டிய அடித்தளத்தை ஒரு சிந்தனையாக மாற்றிய மனிதரை நான் வெறும் சிற்பி என்று நினைப்பதில்லை.

மகிமை வாசலின் நடுத்தூண் பளிங்கு. ஈசாயின் மரம், இயேசுவின் வம்சக் கொடி, அதில் சுற்றிப் படர்கிறது. அந்தக் கொடிகளுக்கிடையே ஐந்து விரல்களுக்கான ஐந்து குழிகள் இருக்கின்றன. யாரும் செதுக்கியவை அல்ல. வந்து சேர்ந்தோம் என்று ஒவ்வொருவரும் வலக்கையை வைத்து வைத்து, நூற்றாண்டுகளாகக் கல் தேய்ந்து உண்டானவை. தூணின் பின்புறம் பீடத்தைப் பார்த்து மண்டியிட்டிருக்கும் சுருள்முடிக்காரர் மத்தேயோவே என்பது வழக்கு. தேர்வுக்கு முன் மாணவர்களும், மகனுக்குப் புத்தி வர வேண்டும் என்று தாய்மாரும் அவர் தலையோடு தலை முட்டுவார்கள். இரண்டும் இன்று தடுக்கப்பட்டுள்ளன. தடை காரணமில்லாமல் வந்ததல்ல. கூரைகளிலிருந்தும் கோபுரங்களிலிருந்தும் நீர் கசிந்து, உப்புப் பூத்து, சிற்பங்களின் வண்ணம் உதிர்ந்துகொண்டிருந்தது. 2008-ல் தொடங்கிய பாதுகாப்புப் பணி 2018-ல் முடிந்தபோது, வெவ்வேறு காலத்து வண்ண அடுக்குகள், பொன்தகடு, நீலமணிக் கல்லரைத்த நீலம் எல்லாம் வெளிப்பட்டன. இப்போது சீட்டு வாங்கி, சிறு குழுவாக, குறித்த நேரத்துக்குள் பார்த்துவிட்டு வர வேண்டும். சிற்பம் பிழைத்தது, பிழைத்தே ஆக வேண்டும். ஆனால் வாசல் என்ற தொழிலை அது இழந்துவிட்டது. நடந்து வந்தவர் அதன் வழியே இனி உள்ளே நுழைவதில்லை.

கூரைக்கு வருவோம். பேராலயத்தின் கூரை ஓடு அல்ல, கருங்கல் படிகள். தாராளமாக நடக்கலாம். அங்கே ஒரு கல் ஆட்டுக்குட்டியின் மேல் உலோகச் சிலுவை ஒன்று நிற்கிறது. கந்தல் சிலுவை என்பது ஊர்வழக்கு. வழியெல்லாம் உடுத்திப் பேன் பிடித்துப் போன பழந்துணிகளை யாத்ரீகர்கள் அதனருகே எரித்தார்கள், மாற்றுடை பெற்றுக்கொண்டார்கள். இந்தப் பேராலயத்தில் எனக்கு மிக நெருக்கமான இடம் இதுதான். பாவம் கழுவுவதைப் பற்றி எல்லாக் கோயில்களும் பேசும். அழுக்குத் துணியை என்ன செய்வது என்று யோசித்த கோயில் அபூர்வம்.

கூரையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. மணியடிப்பவரின் வீடு அங்கேதான். 1960களின் தொடக்கம்வரை மனைவி மக்களோடு, கோழி வளர்த்துக்கொண்டு இருந்தார்கள். வடமேற்குக் கோபுரத்தில் மரத்தாலான ராட்சதக் கருவி ஒன்று உண்டு, கர்ராக்கா என்பார்கள். சுழற்றினால் மரத்தில் மரம் அடித்துக் கடகடவென்று ஊரெங்கும் கேட்கும். புனித வாரத்தில் மணிகள் வாயடைத்திருக்கும் நாள்களுக்கு அது. பெரிய வியாழன் இரவு முதல் மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டும் நம் பங்குக் கோயில்களின் வழக்கமும் இதே மரபின் பிள்ளைதான். தெற்குப் பக்கத்தில் பெரெங்கேலா மணிக்கூண்டு. அதன் கடிகாரத்துக்கு ஒரே முள்; மணியை மட்டும் காட்டும், நிமிடத்தைக் காட்டாது.

இன்னும் சத்தமில்லாத மூலை கோர்த்திசேலா. வடக்குச் சிறகிலிருந்து போனால் வரும் சிறு கோயில் இது. முதலில் தனிக் கட்டடமாக இருந்து, பின்னால் பேராலயத்தோடு இணைக்கப்பட்டது. வாசலின் மேல் மூன்று அரசர்கள் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சி. அயல்நாட்டாருக்கும் யாத்ரீகருக்கும் உரிய பங்கு இது. ஊரில் வீடில்லாதவர்களுக்கான பங்குக் கோயில். உள்ளே ஒலிவத் தோட்டத்தில் ஜெபிக்கும் இயேசுவின் சொரூபத்தருகே மடித்த காகிதங்கள் குவிந்திருக்கும். மன்றாட்டுகள், பல மொழிகளில். கூட்டம் பெருமளவில் விலகிய பிறகும் கையின் பழக்கம் தொடர்கிற இடம் இது.

தெற்குச் சிறகின் ஒரு மூலையில் வேறு வகையான நினைவு. கிளாவீஹோ போரில் சந்தியாகப்பர் குதிரைமேல் தோன்றி மூர்களை வென்றார் என்ற கதையின் கற்சிற்பம். 18ஆம் நூற்றாண்டில் ஹொசே காம்பீனோ செய்த வெண்குதிரைச் சொரூபமும் பேராலயத்தில் உண்டு. 2004-ல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புக்குப் பிந்தைய நாள்களில் அதை அகற்றலாம் என்ற யோசனை எழுந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. குதிரையின் காலடியில் வெட்டுண்டு கிடப்பவர்களைப் பூக்கள் மறைக்கின்றன. இந்தக் குதிரை வீரர் கடல் கடந்தும் வந்தார். யாழ்ப்பாணத்துக் கிளாலியிலும் ராமேசுவரத் தீவின் தங்கச்சிமடத்திலும் அவருக்குக் கோயில் உண்டு; 17ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் அவர்மேல் அம்மானை பாடப்பட்டது. தங்கச்சிமடத்துத் திருவிழாவில் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்துகொள்கிறார்கள். ஒரே வாளையும் குதிரையையும் ஓரிடத்தில் பூவால் மறைக்க வேண்டியிருக்கிறது, இன்னோரிடத்தில் மும்மதத்தாரும் சேர்ந்து வணங்குகிறார்கள். பகையைத் தூக்கிப்பிடிக்கும் சிற்பத்தை அகற்றுவதைவிட, அதன் கதையை முழுதாகச் சொல்லும் பலகை ஒன்றை வைப்பது நேர்மை. பூ எதையும் விளக்குவதில்லை.

இனி எலும்புகளின் கேள்வி. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் தெயோதோமீரோ கல்லறையைக் கண்டறிந்தார் என்பது தல வரலாறு. 1589-ல் டிரேக்கின் ஆங்கிலக் கடற்படை அருகிலுள்ள லா கொருஞாவைத் தாக்கியபோது, பேராயர் ஹுவான் தே சான்கிளெமென்தே எலும்புகளை ஒளித்துவைத்தார். பிறகு எங்கே என்பதே மறந்துபோனது. ஏறத்தாழ 290 ஆண்டுகள் யாத்ரீகர்கள் வெறும் இடத்தை வணங்கினார்கள். 1879 ஜனவரியில் அந்தோனியோ லொபெஸ் பெர்ரெய்ரோ என்ற குருவானவரின் முயற்சியில், பீடத்துக்குப் பின்னால் தோண்டியபோது முரட்டுக் கற்பெட்டியில் மூவரின் எலும்புகள் கிடைத்தன. 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பிஸ்தோயாவுக்குக் கொடுத்தனுப்பிய காதடி எலும்புத் துண்டு, இங்கே கிடைத்த ஒரு மண்டையோட்டின் குறையோடு ஒத்துப்போனது. 1884-ல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இவற்றை ஏற்று அறிக்கையிட்டார். கண்டெடுத்த இடத்தில், பீடத்தின் பின்புறத் தரையில், ஒரு நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். நிலவறைக்கு வரிசையில் நிற்பவர்கள் அதை மிதித்துக்கொண்டே போகிறார்கள்.

ஐயம் தீரவில்லை. யாக்கோபு ஸ்பெயினுக்கு வந்தார் என்பதற்குத் தொடக்க நூற்றாண்டுகளில் உறுதியான சான்றில்லை. 4ஆம் நூற்றாண்டில் ட்ரீர் நகரில் கொல்லப்பட்ட, மதபேதகர் எனப்பட்ட பிரிசில்லியானுவின் உடல்தான் இங்கே இருக்கிறது என்ற கருத்தை 1900-ல் லூயி துஷேன் எழுப்பினார், அதற்கும் சான்றில்லை. தெயோதோமீரோவே கற்பனை என்று ஐயுற்றவர்களும் இருந்தார்கள். 1955-ல் மனுவேல் சமோசோ லமாஸ் தரைக்கடியில் அகழ்ந்தபோது 847 என்று ஆண்டு பொறித்த அவருடைய கல்லறை மூடி கிடைத்தது. பக்கத்திலேயே ரோமர் காலத்து இடுகாடும் வெளிப்பட்டது. ஆயர் உண்மை, பழைய கல்லறை உண்மை, அதில் கிடந்தவர் யார் என்பது நம்பிக்கை. இவ்வளவில் நிற்பதே நியாயம். எலும்பு காணாமல் போயிருந்த மூன்று நூற்றாண்டிலும் கூட்டம் அற்றுப்போகவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. அந்த வெற்றிடத்தின் மேல்தான் இன்று நாம் வியக்கும் முகப்பும் பீடமும் எழுந்தன.

ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் விழும் ஆண்டு இங்கே புனித ஆண்டு. 6, 5, 6, 11 ஆண்டு இடைவெளியில் அது சுழன்று வரும். அடுத்தது 2027. கின்தானா சதுக்கத்தை ஒட்டிய புனிதக் கதவு அப்போதுதான் திறக்கும். அதன் இருமருங்கும் அமர்ந்திருக்கும் 24 சிலைகள் மத்தேயோ கல்லால் செய்த பாடகர் மேடையிலிருந்து வந்தவை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேடையை உடைத்தவர்கள் சிலைகளை இங்கே பதித்தார்கள். வேறு துண்டுகளைத் திரட்டி மேடையின் ஒரு பகுதியை அருங்காட்சியகத்தில் மறுபடி கூட்டியிருக்கிறார்கள்.

அந்த ஆண்டு கூட்டம் பெருகும், தடுப்புகளும் பெருகும். பேராலயத்தார் இரண்டு காரியங்களைச் செய்யலாம். ஒன்று, நடந்து வருகிறவர்களை அசபச்சேரியா வாசல் வழியே உள்ளே விடுவது, பழைய பாதை முடிந்த இடத்திலேயே அவர்கள் கோயிலுக்குள் காலடி வைக்கும்படி. மற்றது, ஈசாயின் மரம் படரும் அந்தப் பளிங்குத் தூணுக்கு ஒரு நகல் செய்து, எந்தத் தடுப்பும் இல்லாமல் நிறுத்துவது. 1866-லேயே தொமேனிக்கோ புருச்சியானி மகிமை வாசல் முழுவதையும் அச்செடுத்து லண்டனுக்குக் கொண்டுபோனார். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அது இன்றும் நிற்கிறது. ஒரு தூணை அச்செடுப்பது பெரிய வேலையே அல்ல. நகலில் புனிதம் இல்லை என்பார்கள். பெரெங்கேலா மணி விரிசல் விட்டபோது நெதர்லாந்தில் நகல் வார்த்து ஏற்றினார்கள். மூல மணி உள்முற்றத்தில் ஓய்ந்திருக்கிறது, ஊர் நகலின் ஓசையில்தான் நேரம் பார்க்கிறது. தூபக்கலசமும் பறிபோனதற்கு மாற்று. மாற்றுமணியின் ஓசையை ஏற்ற கோயில் மாற்றுத்தூணில் கைவைப்பவரையும் ஏற்கலாம். முதல் தூணில் அந்த ஐந்து குழிகளைப் போட்டது கைகள்தாம். அவற்றுக்கு இன்னொரு தூண் கொடுத்தால் போதும்.